மூலையில் ஒரு கொசு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கும். சத்தியம்.

ஆனால் இப்போது இல்லை.

முதலில் சீடர் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால்தானே கதை.

"அதாவது பாருங்க மேடம்," என்றார் சீடர். "நடுவுல சுவர். இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனோட தாளம் எப்படித் தெரியும்?"

குரு நிமிரவில்லை. மேஜைமேல் ஆயிரம் குட்டிக் கண்ணாடிகள். அதில் ஒன்றை முடியளவு திருப்பிக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார்.

சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தைந்து.

சிரிக்க வேண்டாம். சிரிப்பு அது இல்லை.

சீடர் பெயர் பூவராகன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். கல்லூரியில் இருபது வருஷம் இயற்பியல் நடத்தியவர். எதைச் சொன்னாலும் தொண்டையை ஒரு 'க்கும்' செருமி, 'அதாவது பாருங்க' என்று ஆரம்பித்து, 'புரியுதா?' என்று முடிப்பார். பால்காரரிடமும் அப்படித்தான். குருவிடமும் அப்படித்தான்.

குரு பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடி. பேச்சு கம்மி. 'ம்' என்பதையே நாலு விதமாகச் சொல்வார். ஆமாம் என்பதற்கு ஒரு ம். இல்லை என்பதற்கு ஒரு ம். யோசியுங்கள் என்பதற்கு ஒரு ம்.

நாலாவது ம் எதற்கு என்பதை ஆறு வருஷமாகச் சீடர் கண்டுபிடிக்கவில்லை.

ஆறு வருஷம். கல்லூரி கொடுத்த விடுப்பு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று காலை பத்து மணிக்குக் குழு கூடும். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே தாளம் என்று காட்டினால் டாக்டர் பட்டம். காட்டாவிட்டால் திங்கட்கிழமை பழைய கல்லூரி, பழைய கரும்பலகை, "என்ன சார், முடிக்கலையா?" என்று கேட்கப்போகிற பழைய முகங்கள்.

இன்று திங்கட்கிழமை.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. ஒளியால் கட்டிய சுவர்.

காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு துளி வாயு. அதைக் குளிரவைத்து, குளிரவைத்து, இதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே போனதும் அணுக்கள் தனித்தனியாக இருப்பதை விட்டுவிடும். பத்தாயிரம் அணு, ஒரே அலை. அடேயப்பா என்று ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம். நான் தினமும் சொல்கிறேன்.

அந்த ஒரே அலைக்கு நடுவே லேசரால் ஒரு சுவர் எழுப்பினால் வாயு இரண்டாகும். அது அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம்.

சுவரில் ஓட்டை கிடையாது. ஏறிக் குதிக்க அணுக்களிடம் தெம்பும் கிடையாது. ஆனாலும் சுவர் தாழ்வாக இருந்தால் சில அணுக்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். சுவருக்கு உள்ளேயே போய் வெளியே வரும். யாரிடமும் சொல்லாது. கதவைத் தட்டாது.

சீடர் கேட்டது அதைப் பற்றித்தான்.

குரு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஆய்வகத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதைக் காட்டினார்.

"அந்தாண்ட போங்க சார். கதவைச் சாத்திட்டுக் கை தட்டுங்க. நானும் இங்க தட்டுதேன். ஒரே தாளமா வருதான்னு பாப்போம்."

சீடர் போனார். கதவைச் சாத்தினார். தட்டினார்.

தட். தட். தட்.

அந்தப் பக்கமிருந்தும் வந்தது. தட். தட். தட்.

சீடருக்கு முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம் தட்டினார். ஐந்து நிமிஷம் தட்டினார். வராந்தாவில் போன அலுவலக உதவியாளர் நின்று பார்த்தார். சீடர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார், தட்டிக்கொண்டே. உதவியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளங்கை சிவந்தது. கதவைத் திறந்தார்.

ஆய்வகத்தில் யாருமில்லை.

குரு வாசல் வழியாக வந்தார். கையில் டீ தம்ளர்.

"மேடம்! எங்க போனீங்க?"

"டீ குடிக்க."

"நான் தட்டிக்கிட்டே இருந்தேனே!"

"தாளம் எப்படி சார் இருந்துச்சு?"

"பிரமாதமா இருந்தது மேடம். உங்க தட்டும் என் தட்டும் அப்படியே ஒண்ணு!"

"நான் ரெண்டே தட்டுத்தான் தட்டுனேன்."

சீடர் காதைத் தீட்டினார்.

டொக். டொக். டொக். மூலையில் தண்ணீர் பம்பு அடித்துக்கொண்டிருந்தது.

இதுதான் சிரிப்பு என்று நினைக்கிறீர்களா? இல்லை. சிரிப்பு இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

குரு கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தார். "இப்பத் தட்டுங்க."

இருவரும் தட்டினார்கள். சீடர் தெரியாமல் கொஞ்சம் வேகம் எடுத்தார். அந்தப் பக்கமும் எடுத்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. இவர் கையும் இழுத்தது. இவர் வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்த்தார். நாலு தட்டுக்குள் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிட்டன.

சீடர் கையை நிறுத்தினார்.

"மேடம், இதுல யாரு யாரைப் பாத்துத் தட்டினது?"

"ம்," என்றார் குரு. யோசியுங்கள் என்கிற ம்.

சீடர் யோசிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது. சுவரை அணைத்து, வாயுவைத் தாங்கிப் பிடிக்கிற ஒளியையும் அணைத்தால் இரண்டு வாயுவும் கீழே விழும். விழும்போது விரியும். விரிந்து ஒன்றின்மேல் ஒன்று படரும். படர்ந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் நிற்கும். அதைப் படம் பிடிக்க வேண்டும். படம் பிடித்தால் வாயு செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து புது வாயு, புதுக் குளிர், புதுச் சுவர். ஒரு படத்துக்கு முக்கால் நிமிஷம். மூன்று மாதமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளி இருக்கும். கேமராவுக்குள் எங்கேயோ தூசி. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் கொசு.

"துடைச்சிடட்டுமா மேடம்?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார் சீடர்.

"இருக்கட்டும்."

"அசிங்கமா இருக்கே."

"அது பாட்டுக்கு இருக்கு. நம்மள என்ன செய்யுது?"

சீடர் கொசு இருக்கிற மூலையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் படத்தைச் சேர்த்து வைப்பார். சுத்தக்காரர்.

அழகு பார்க்கிறவரும்கூட. சுவரைத் தாழ்த்தி எடுத்த படங்களை அவருக்குப் பிடிக்காது. பார்த்த உடனே கணினியில் குப்பைக்கு அனுப்பிவிடுவார்.

"அது எதுக்கு சார் வேண்டாம்?" என்று குரு ஒருநாள் கேட்டார்.

"அதாவது பாருங்க மேடம், சுவரை இறக்கினா ரெண்டு வாயுவும் கிட்டக்கிட்ட வந்துடுது. கோடு பருத்துடுது. ரெண்டோ மூணோதான் விழுது, குண்டு குண்டா. கோலம் போடத் தெரியாதவன் போட்ட மாதிரி." இன்னொரு படத்தைத் திறந்தார். "இதே சுவரை நல்லா ஏத்திட்டு எடுத்தேன் பாருங்க. பதினோரு கோடு! மெலிசா, வரிசையா. பட்டுப்புடவைக் கரை தோத்துது. புரியுதா?"

"சுவரை அவ்வளவு ஏத்துனா அந்தாண்ட போக முடியுமா சார்?"

"கோடு விழுதே மேடம்! போகாமலா கோடு விழும்?"

"ம்," என்றார் குரு. இல்லை என்கிற ம். சீடர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"குப்பையை நான் கொட்டிக்கிடுதேன் சார்."

"ஐயோ, நீங்க எதுக்கு மேடம்?"

"எனக்கு ஒரு வேலை இருக்கு."

செவ்வாய்க்கிழமை சீடர் துறை முழுக்கக் கேசரி கொடுத்தார்.

பதினோரு கோட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்திருந்தார். சேர்த்தும் பதினோரு கோடும் மை போட்ட மாதிரி நின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கோடு என்றால் ஒரே தாளம். ஒரே தாளம் என்றால் பட்டம். கேசரி வராமல் என்ன செய்யும்?

"முந்திரி நிறைய இருக்கு," என்றார் குரு. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

"மேடம், படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"சாப்பிட்டுக்கிடுதேன் சார்."

சிரிப்பு? கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

புதன்கிழமை காலை சீடரின் மேஜையில் இருபது கண்ணாடித் தாள்கள் கிடந்தன. வகுப்பில் புரொஜெக்டர்மேல் வைத்துக் காட்டுவார்களே, அந்தத் தாள். ஒவ்வொன்றிலும் அவருடைய பதினோரு கோட்டுப் படம். கேமராவிலிருந்து வந்தது வந்தபடி. வெட்டாமல், தொடாமல்.

"ஜன்னல்கிட்ட வாங்க சார்," என்றார் குரு.

சீடர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பதினோரு கோடு.

அதன்மேல் இன்னொன்றை வைத்தார். கோடு கொஞ்சம் கலங்கியது.

ஐந்து வைத்தார். மங்கியது.

இருபதும் வைத்தார். கோடே இல்லை. சாம்பல் பூசிய மாதிரி ஒரே நிறம்.

அதில் ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தது. வலது மேல் மூலையில், இருபது மடங்கு கறுப்பாக, துளிகூடக் கலங்காமல், கொசு.

சீடர் தொண்டையைச் செருமினார். "அதாவது பாருங்க மேடம். எடுக்கும்போது கேமரா ஆடிடுது. ஒவ்வொரு படத்திலயும் கோடு கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுது. அதனால நான் என்ன பண்ணினேன்னா, சேர்க்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் இழுத்து, கோட்டுக்குக் கோடு பொருத்தி..."

குரு ஒரு விரலைக் கொசுமேல் வைத்தார்.

சீடர் கொசுவைப் பார்த்தார்.

தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கேமரா ஆடியிருந்தா," என்றார் மெதுவாக, "கொசுவும் ஆடியிருக்கும்."

"ம்."

"அப்ப ஆடினது கேமரா இல்ல."

"ம்."

"கோடு."

குரு கையை எடுத்தார். "முன்னப்பின்ன தெரியாத ரெண்டு வாயு மோதுனாலும் கோடு விழும் சார். ஒவ்வொரு தடவையும் விழும். எங்க விழுதுங்கறதுதான் கேள்வி."

சீடர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை அவரே எத்தனையோ பரீட்சையில் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பத்து மார்க். பதில் தெரியாதவனுக்கு முட்டை போட்டிருக்கிறார்.

"அதுங்க ஒண்ணா இல்ல மேடம். நான்தான் இழுத்து இழுத்து ஒண்ணாக்கி வெச்சிருக்கேன்."

டொக். டொக். டொக்.

"கேசரியெல்லாம் கொடுத்துட்டேனே மேடம்."

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

வியாழக்கிழமை மதியம் சீடர் பையோடு வந்தார். ஆறு வருஷத்துப் பொருள் எல்லாம் அதில் அடங்கிவிட்டது. தண்ணீர் பாட்டில், சால்வை, ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் படம். சாவியைக் குருவின் மேஜையில் வைத்தார்.

"குழுவுக்கு நான் வரலை மேடம். பொய்யைக் காட்ட முடியாது. உண்மை கையில இல்ல."

இந்த இடத்தில் எனக்குச் சீடரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூலை வெட்டிய படத்தை அவர் நாளைக்குக் காட்டியிருந்தால் குழுவில் ஒருவர்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

குரு சாவியை எடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார். இருபது கண்ணாடித் தாள். ஒரே கட்டு. வலது மேல் மூலையில் பெரிய கறுப்புக் கிளிப் மாட்டியிருந்தது.

"போறதுக்கு முன்ன இதைப் பாத்துட்டுப் போங்க."

சீடர் ஜன்னலுக்குப் போனார். கட்டை அப்படியே வெளிச்சத்தில் உயர்த்தினார்.

இரண்டு கோடு. பருத்த கோடு. இருபது தாள் வழியாகவும் வெளிச்சத்தைக் கிழித்துக்கொண்டு, கண்மை தீட்டினாற்போல நின்றன. ஒரு தாளில் இருக்கும் இடத்திலேயே இருபதிலும்.

சீடர் கட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"மேடம்."

"ம்."

"இது இழுத்து வெச்சது இல்லையே?"

"கேமராவில இருந்து வந்தபடியே இருக்கு."

"இருபது தடவை புது வாயு. இருபது தடவையும் அதே இடம்." அவர் குரல் இறங்கிவிட்டது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. "சுவருக்குள்ள போயிட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கு மேடம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. கதவைத் திறந்து வெச்சு நாம தட்டினோமே, அப்படி."

"ம்."

"எனக்கும் இந்த மாதிரி குண்டுக் கோடு வரும் மேடம். ஆனா என்னோடது அசிங்கமா இருக்கும். இது பாருங்க! என்ன கம்பீரம்!"

குரு இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

"யாரு மேடம் எடுத்தது?"

"ஒரு சார்."

"எந்த நாடு?"

"நம்ம பக்கந்தான்."

"எனக்குத் தெரிஞ்சவரா?"

"அவரைப் பத்தி உங்களுக்கு அவ்வளவாத் தெரியாது."

"வயசு?"

"உங்க வயசு இருக்கும்."

சீடர் கட்டை இறக்காமலேயே பேசினார். "என் வயசுல ஒருத்தர். இவ்வளவு செஞ்சிருக்கார். பெருமை அடிச்சுக்கறவரா?"

"சேச்சே. எடுப்பாரு. ஒரு பார்வை பாப்பாரு. ஓரமாப் போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிருவாரு."

"அதான் மேடம் ஞானம்! நானா இருந்தா கேசரி கொடுத்திருப்பேன்."

"அவரும் கொடுத்தாரு. வேற எதுக்கோ."

சிரிப்பு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது. படியேறுகிறது. சத்தம் போடாதீர்கள்.

சீடர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்களை விட்டுக்கொடுத்துப் பேசலை. இந்த மனுஷன்கிட்ட எனக்குக் கொஞ்ச நாள் பாடம் கேக்கணும். அவர் ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கினாலும் சரி. ஒரு லெட்டர் எழுதித் தரேன். சேர்த்திடறீங்களா?"

"எழுதுங்க சார். நேர்லயே குடுத்துருதேன்."

சீடர் உட்கார்ந்தார். பேனாவை உதறினார். எழுதும்போது அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார், கரும்பலகைப் பழக்கம்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். அதாவது பாருங்கள், நான் தங்களை அறியேன். தங்கள் படங்களை இன்றுதான் கண்டேன். நான் இத்தனை நாள் அழகைத் தேடினேன், தாங்கள் உண்மையை எடுத்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு வயது நாற்பத்தொன்பது. இந்த வயதிலும் என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்வீர்களா? நாளைக் காலை பத்து மணிக்கு இங்கே ஒரு குழு கூடுகிறது. தாங்கள் மட்டும் இங்கே இருந்திருந்தால் அதன் முன் நிமிர்ந்து நின்றிருப்பீர்கள். தங்கள் பொறுமையை வணங்கும், பூவராகன்."

'புரியுதா?' என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டார்.

"முகவரி மேடம்?"

"பேரை நான் எழுதிக்கிடுதேன்."

"தாளோட சேர்த்து மாட்டித் தரேன். குண்டூசி இருக்கா?"

"இல்ல."

சீடர் மேஜையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு கட்டைக் கையில் எடுத்து, அதிலிருந்த கறுப்புக் கிளிப்பைக் கழற்றினார். கடிதத்தை மேலே வைத்துத் தட்டி, நாலு ஓரமும் சரிபார்த்தார். மறுபடி மாட்டப்போனார்.

கை நின்றது.

கிளிப் இருந்த மூலையில் ஏதோ அழுக்கு.

சுத்தக்காரர் அல்லவா, கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். போகவில்லை. முதல் தாளை எடுத்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தார். அதிலும் அதே இடம். மூன்றாவது. பத்தாவது. இருபதையும் சேர்த்து ஜன்னலில் பிடித்தார்.

கம்பீரமான இரண்டு கோடு. அதற்கு மேலே வலது மூலையில், இருபது மடங்கு கறுப்பாக, துளிகூடக் கலங்காமல்.

பம்பு டொக் டொக் என்றது.

சீடர் கடிதத்தைப் பார்த்தார். மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு.

கொசுவைப் பார்த்தார்.

குருவைப் பார்த்தார். குரு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றார் சீடர். "குப்பையை எங்க கொட்டினீங்க?"

"ம்," என்றார் குரு.

நாலாவது ம்.